சனிக்கிழமை படகு, ஞாயித்துக்கிழமை பூசை, நடுவுல நீங்க

நீங்க கேட்டிருக்கறத மொதல்ல என் வாயால ஒரு தடவ சொல்லிப் பாக்குறேன், தப்பாப் புரிஞ்சிருந்தா திருத்துங்க. தங்கச்சிமடத்துல வீடு, மண்டபம் பக்கம் நண்டு கம்பெனியில தரம் பாக்குற க்யூசி வேலை, காலைல அஞ்சே முக்காலுக்கு கம்பெனி வண்டி, நண்டு வரத்து கூடினா வீடு திரும்ப ராத்திரி எட்டு ஒம்போது ஆகுது. வீட்டுக்காரர் ராமேஸ்வரத்துல விசைப்படகுக்குப் போறார். கல்யாணமாகி ரெண்டு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க நம்ம கத்தோலிக்கக் கோயில் பூசைக்குக் கெளம்பி நிக்கையில அவரு "கடலுக்குப் போயிட்டு வந்து நிக்கிற அன்னிக்கும் உனக்குக் கோயில்தானா"ன்னு கேட்டிருக்கார், அன்னிலருந்து மூணு வாரமா நீங்க பூசைக்கும் போகல பாட்டுக் குழுவுக்கும் போகல, இனிமே போனா நன்மை, அதான் பூசையில குடுக்குற நற்கருணை, எடுக்கலாமான்னு பயம், கூட வேலை பாக்குற முஸ்லிம் பொண்ணு பிரேக்ல பத்து நிமிஷத்துல தொழுதுட்டு வந்துடுறா, அவளால முடியறது என்னால ஏன் முடியலன்னு ஒரு ஏக்கம், கடைசியா "வேலை, கடவுள், குடும்பம் மூணையும் எப்படி பேலன்ஸ் பண்றது"ன்னு முடிச்சிருக்கீங்க. அந்தக் கடைசி வரி சும்மா மரியாதைக்குப் போட்டதும்மா. உங்க கேள்வி அதுக்கு மேலயே கெடக்கு: அவர் ஒரு வார்த்த சொன்னாருன்னு நான் கடவுள விட்டுட்டேனா, இல்ல அதுக்கு முன்னாடியே கடவுளச் சாக்கா வச்சு அவர விட்டுட்டேனா. டைம் டேபிள் போட்டுக் குடுத்தா தீர்ற விஷயமா இருந்தா, காலைல நாலரைக்கு எந்திரிக்க வேண்டிய பொண்ணு ராத்திரி பன்னெண்டரைக்கு உக்காந்து இவ்வளவு டைப் பண்ணியிருக்க மாட்டீங்க.

நான் யாருன்னு சொல்லிடுறேன். 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ், அதுல பாதிக்கு மேல இந்தத் தீவுலயும் கரையோரத்துலயும்தான். ரிட்டையராகி மூணு வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரர் போட்டு டிரைவரா இருந்தவர், இப்ப முட்டி வலியில கரையிலதான் இருக்கார். கல்யாணமாகப் போற பிள்ளைகளுக்குப் பங்குக் கோயில்ல நடக்குற தயாரிப்பு வகுப்புல நாங்க ரெண்டு பேரும் பதினாலு வருஷமாப் பேசுறோம். பேசுறது நான்தான், அவர் பக்கத்துல உக்காந்திருப்பார், நான் கூடுதலா அளந்தா ஒரு இருமல் வரும். இறையியல் படிச்சவ இல்ல, கவுன்சிலிங் பட்டம் கிடையாது, உங்க வீட்டுக் கதையில ஒரு பக்கத்ததான் கேட்டிருக்கேன். அதனால எது எனக்கு உறுதி, எது என் அபிப்பிராயம்னு அங்கங்க சொல்லிட்டே போறேன்.

உறுதியான விஷயம் மொதல்ல. ஞாயித்துக்கிழமை பூசை நமக்குக் கடமை, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா அந்தக் கடமைய சனிக்கிழமை சாயந்திரப் பூசையிலயே நிறைவேத்தலாம். 1983ல வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்புல 1248வது சட்டம் நேரடியாவே சொல்லுது, அந்த நாள்லயோ அதுக்கு முந்தின நாள் சாயந்திரத்துலயோ பூசையில பங்கெடுத்தாப் போதும்னு. நம்மாளுங்க நெறய பேரு இத ஏதோ சோம்பேறிங்களுக்குக் குடுத்த சலுகைன்னு நெனைக்கிறாங்க, எங்க அம்மாவே சாகுற வரைக்கும் "சனிக்கிழம பூச ஒரு பூசையாடி"ம்பாங்க. ஆனா யூதர் வழக்கத்துல நாள் பிறக்கிறதே முந்தின நாள் பொழுது சாஞ்சப்புறம்தான், ஈஸ்டருக்கான பாஸ்காப் பூசைய நாம சனிக்கிழமை ராத்திரிதான் வைக்கிறோம், அன்னிக்கு யாரும் இது செல்லாதுன்னு சொல்றதில்லையே. இன்னொண்ணு, நியாயமான காரணம் இருந்தா பங்குச் சாமியாரே ஒருத்தருக்கு அந்தக் கடமையிலருந்து விலக்குக் குடுக்கலாம், இல்லேன்னா அதுக்குப் பதிலா வேற ஒரு பக்தி முயற்சிய செய்யச் சொல்லலாம், அது 1245வது சட்டம். மேலுக்கு முடியாம கெடந்தாலோ கைக்குழந்தையப் பாத்துக்க வேண்டியிருந்தாலோ போகாதது குத்தமே இல்லன்னு மறைக்கல்வி ஏடும் சொல்லுது.

இப்ப உங்க வீட்டு வாரத்தப் பாருங்க. ராமேஸ்வரத்துல விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், திங்கள், புதன், சனி. மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை காலைல கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிட்டுப் போனா ஞாயித்துக்கிழமை காலைலதான் கரை. அப்ப சனிக்கிழமை சாயந்திரம் அவர் கடல்ல, நீங்க வீட்ல தனியா, செல்லுல ரீல்ஸ் பாத்துக்கிட்டு (நீங்களே எழுதியிருக்கீங்க, நான் சொல்லல). ஞாயித்துக்கிழமை காலைல அவர் கண்ணு செவந்து, உப்புத் தண்ணி காஞ்ச மேலோட, கறிக்கு ஒரு பை மீனத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறப்ப நீங்க முந்தானையச் சரி பண்ணிட்டு வெளிய போறீங்க. சனிக்கிழமை சாயந்திரம் உங்க பங்குலயோ பக்கத்துப் பங்குலயோ பூசை இருந்தா நீங்க அங்க போயிட்டு, ஞாயித்துக்கிழமை காலைய அவருக்குக் குடுத்துடலாம். கம்பெனி சனிக்கிழமை எத்தனை மணிக்கு விடுதுங்கிறதுதான் இதுல சிக்கல், அதுக்குப் பின்னால வர்றேன்.

நன்மை எடுக்குற பயத்தப் பத்தி. வேணும்னே பூசைய விட்டா அது கனமான விஷயம்தான், நான் மழுப்பல. ஆனா சாவான பாவம்னு ஆகணும்னா விஷயம் கனமா இருந்தா மட்டும் பத்தாது, முழுசாத் தெரிஞ்சு, முழு மனசோட செஞ்சிருக்கணும். வீட்ல சண்டை வரக்கூடாதுன்னு அழுதுக்கிட்டே உள்ள உக்காந்திருந்தது அதுல சேருமா சேராதாங்கிறத நானும் முடிவு பண்ண முடியாது, நீங்களும் ராத்திரி முழுக்க உங்களையே விசாரிச்சுக்கிட்டு முடிவு பண்ணக் கூடாது. பாவசங்கீர்த்தனத்துக்கு, அதான் பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்குறதுக்கு, போயி, எனக்கு எழுதுனத அப்படியே சாமியார்கிட்ட சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். மூணு வாரமாச் சுமக்குறீங்க.

இனி என் அபிப்பிராயம். உங்க வீட்டுக்காரர் கேட்டது கோயிலுக்கு எதிரான பேச்சுன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க. எனக்கு அப்படித் தோணல. கொரிந்தியருக்கு எழுதின மொதக் கடிதம் 7ம் அதிகாரத்துல பவுல் சொல்றார், புருஷன் பொண்டாட்டி செபத்துக்காக வெலகியிருந்தாக்கூட ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு, கொஞ்ச காலத்துக்குத்தான் இருக்கணும்னு. அவர் பேசுறது படுக்கை விஷயம். நான் அதக் கொஞ்சம் இழுத்து ஞாயித்துக்கிழமை காலைக்கும் சேத்துப் படிக்கிறேன், அது என் வாசிப்பு, உங்க சாமியார் ஒத்துக்கலேன்னா என்ன வையாதீங்க. ஆனா செபத்துக்கே கூட வீட்ல இருக்கிறவர் சம்மதம் கேக்கணும்னு ஒரு கல்யாணம் ஆகாத மனுஷன் எழுதி வச்சிருக்கார் பாருங்க, அது எனக்கு நாப்பது வயசு வரைக்கும் கண்ணுல படவே இல்ல.

கண்ணுல பட்ட கதையச் சொல்றேன். 99 வாக்குல இருக்கும், பெரியவ மூணாப்பு. நான் அப்ப ஆஸ்பத்திரி வேலைக்கு மேல பாட்டுக் குழு, அன்பியப் பொறுப்பு (அக்கம்பக்கத்து வீடுக கூடிச் செபிக்கிற குழு), மரியாயின் சேனைங்கிற பக்த சபை, சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழமை மறைக்கல்வின்னு எல்லாத்துலயும் இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை அவர் ஏழு மணிக்குக் கரை வந்து வீட்டுக்கு வந்திருக்கார், நான் மொதப் பூசைக்குப் போயாச்சு. பூசை, பிள்ளைகளுக்கு கிளாஸ், பாட்டு ப்ராக்டிஸ், வீட்டுக்கு வரையில ஒரு மணி. அவர் போத்திக்கிட்டு ஒறங்குறார். சோத்த ஆக்கி மூடி வச்சுட்டு சாயந்திரம் அன்பியக் கூட்டம், அங்கிருந்தே நைட் டூட்டி. திங்கக்கிழமை காலைல நான் வர்றதுக்குள்ள அவர் கடலுக்குப் போயாச்சு. செவ்வாக்கிழமை அவர் வந்தப்ப நான் டூட்டி முடிச்சு ஒறங்கிட்டிருந்தேன். அன்னிக்கு ராத்திரி சோறு போட்டுட்டு அடுப்படிக்குத் திரும்பினவ, டங்கு டங்குன்னு தட்டுல சத்தம் கேக்குதேன்னு எட்டிப் பாத்தா மனுஷன் ஸ்பூன்ல சாப்பிடுறார். எங்க வீட்ல சோத்த ஸ்பூன்ல சாப்பிட்ட ஆளே கிடையாது, ஸ்பூனு பிள்ளைக்கு மருந்து ஊத்தத்தான். இடது கையில ஸ்பூனு, வலது கை மடிக்குள்ள. இழுத்துப் பாக்குறேன், உள்ளங்கை பன் மாதிரி வீங்கி, கைலித் துணியக் கிழிச்சு ஒரு கட்டு. சனிக்கிழமை ராத்திரி வலைய உதறுறப்ப திருக்கை முள்ளு குத்தியிருக்கு. திருக்கைக்கு வெந்நித்தான் மொத வைத்தியம், பொறுக்குற சூட்டுல கைய முக்கி வச்சா நஞ்சு முறியும், அது போட்டுல இருக்கிற எல்லாருக்குமே தெரியும், அடுப்புல தண்ணி வச்சு முக்கியிருக்கார். ஆனா முள்ளோட நுனி உள்ளயே ஒடிஞ்சு நிக்குது, டிடி ஊசி போடல, அந்தக் கையோட திங்கக்கிழமை வேற போயிட்டு வந்திருக்கார். ஊர்ல இருக்கிறவன் புண்ணையெல்லாம் கழுவிக் கட்டுற நான், என் வீட்ல இருந்த புண்ண மூணு நாளாப் பாக்கல. ஏன் சொல்லலன்னு கத்துனேன். "நீ எங்க உக்காந்த, சொல்றதுக்கு"ன்னார். கோபமாக்கூட சொல்லல, அதுதான்.

அப்புறம் நான் கோயிலே வேணாம்னு விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. பூசைய விடல, பாட்டுக் குழுவையும் விடல, மத்தத ஒவ்வொண்ணா வேற ஆள்கிட்ட குடுத்தேன். குடுக்கும்போதுதான் ஒரு விஷயம் புரிஞ்சுது, அத எழுத இப்பவும் கூச்சமாத்தான் இருக்கு: அதுல பாதி பக்தியே இல்ல. கோயில்ல நாலு பேரு "சிஸ்டர் இல்லேன்னா இங்க ஒரு வேலையும் ஓடாது"ம்பாங்க. வீட்ல யாரு சொல்றா அப்படி? மாமியார் கொழம்புல உப்பு பத்தலம்பாங்க, பிள்ளைக்கு ஹோம் ஒர்க், அவருக்கு டீசல் கடன். கோயில்ல போயி நான் ஒளிஞ்சுக்கிட்டேன். நீங்களும் அப்படித்தான்னு நான் சொல்ல வரல, எனக்குத் தெரியாது. ஆனா நீங்க எழுதுனதுல ஒரு வரி இருக்கு, "பாட்டுக் குழுவுல மட்டும்தான் நான் நானா இருக்கேன்"னு. அந்த வரிய நீங்களே ஒரு தடவ திரும்பப் படிங்க. அது தப்பான வரி இல்ல, உங்களுக்கு அது வேணும், கம்பெனியில நாள் முழுக்க சதையில ஓட்டுத் துண்டு கெடக்கான்னு தடவித் தடவிப் பாக்குற பொண்ணுக்கு வாரத்துல ஒரு மணி நேரம் பாட்டு வேணும்தான். ஆனா அத அவர்கிட்ட அப்படியே சொன்னீங்களா, இல்ல "கடமை, போகாட்டி பாவம்"னு சொன்னீங்களா? கடமைன்னு சொன்னா மனுஷன் கடவுளோட போட்டி போடுற மாதிரி ஆயிடுது, பாவம் அவர் எப்படி ஜெயிப்பார். எனக்குப் பாடப் பிடிக்கும்னு சொன்னா, அது பொண்டாட்டியோட ஆசை, அதுக்கு அவர் ஒரு வழி யோசிப்பார். யோசிப்பார்னு நெனைக்கிறேன்.

கூட வேலை பாக்குற பொண்ணப் பத்தி. என்கூட ரொம்ப வருஷம் கீழக்கரை முஸ்லிம் நர்ஸ் ஒருத்தவங்க இருந்தாங்க, லுஹர்ங்கிற மதியத் தொழுகை நேரம் வந்தா டிரெஸ்ஸிங் ரூம் ஓரத்துல விரிப்பப் போட்டு தொழுதுட்டு வந்து விட்ட எடத்துலருந்து ஊசி போடுவாங்க. நானும் உங்கள மாதிரி பொறாமையாக் கேட்டிருக்கேன். அவங்க சொன்னது, அவங்க மார்க்கத்துல பயணத்துல இருந்தா நாலு ரக்அத் (தொழுகையில ஒரு சுத்து) தொழுகைய ரெண்டாச் சுருக்கிக்கலாம், லுஹரையும் சாயந்திரத் தொழுகையான அஸரையும் ஒரே நேரத்துல சேத்துக்கலாம், வெள்ளிக்கிழமை ஜும்மா கூட்டுத் தொழுகை ஆம்பளைகளுக்குத்தான் கட்டாயம், அதனால பொம்பளைக்கு வேலை நாள்ல பெரிய முட்டல் வராது. அதாவது வேலைக்கும் பயணத்துக்கும் எடம் விட்டுத்தான் அந்த வழக்கமே இருக்கு. நம்மகிட்டயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு, நாமதான் கெழவிங்களோட விஷயம்னு விட்டுட்டோம். மூவேளை செபம். காலைல ஆறு, மதியம் பன்னெண்டு, சாயந்திரம் ஆறு, மணி அடிக்கும், சொல்லி முடிக்க ரெண்டு நிமிஷம் ஆகாது. எங்க மாமியார் 64 புயல்ல தனுஷ்கோடியிலருந்து கட்டின சேலையோட வந்தவங்க, கருவாடு காயப் போட்டுட்டு வெயில்ல காவலுக்கு உக்காந்திருப்பாங்க, பன்னெண்டு மணி அடிச்சா கைய நிறுத்தி, கண்ண மூடி, ஆண்டவருடைய தூதர்னு ஆரம்பிச்சு கடைசி அருள்நிறைந்த மரியே வரைக்கும் சொல்லுவாங்க, ஆமென் சொன்ன அதே மூச்சுல காக்காய கெட்ட வார்த்தையில வஞ்சு கல்லெடுத்து வீசுவாங்க. அதுல ஒரு கொறையும் எனக்குத் தெரியல. உங்க மதிய பிரேக் எத்தனை மணிக்குன்னு தெரியல, பன்னெண்டுதான் இருக்கணும்னு இல்ல, அந்தப் பொண்ணு தொழுவுற பத்து நிமிஷத்துல நீங்க பக்கத்துல உக்காந்து இதச் சொல்லுங்க.

பண்டிகையும் வேலையும் முட்டிக்கிறது நம்ம வீட்ல மட்டும்னு நெனைக்க வேணாம். ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தத்துலயும் வாளி போட்டு எறச்சு ஊத்துறவங்களப் பாருங்க, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஊரே வந்து முழுகுது, அவங்களுக்கு அன்னிக்குத்தான் இடுப்பு ஒடியுற வேலை. ஆட்டோக்காரர், பூக்கடை, டீக்கடை எல்லாருக்கும் அப்படித்தான். எங்க தெருவுல ஆட்டோ ஓட்டுற தம்பி அமாவாசை முடிஞ்சு மறுநாள் பொண்டாட்டி பிள்ளையோட அக்னி தீர்த்தத்துக்குப் போவான், "கூட்டம் போனப்புறம்தான் சாமி நம்மளப் பாக்கும்"னு ஒரு விளக்கம் வேற. நாங்களும் மூணு கிறிஸ்துமஸ் டூட்டியில கழிச்சுட்டு 26ந்தேதி கேக் வெட்டியிருக்கோம்.

கம்பெனி விஷயத்துக்கு வர்றேன், இதுல கொஞ்சம் கறாராவே பேசணும். வாரத்துல ஒரு முழு நாள் லீவு, வாரத்துக்கு 48 மணி நேர வேலை, அதுக்கு மேல பாத்தா ரெண்டு மடங்கு சம்பளம்ங்கிறது யாரும் பெரிய மனசு பண்ணிக் குடுக்கிறது இல்ல, சட்டம். லீவு ஞாயித்துக்கிழமையாத்தான் இருக்கணும்னு அவசியம் இல்ல. நண்டு பெரும்பாலும் நாட்டுப்படகுலதான் வருது, வந்தா வேகணும், வெந்தா அன்னிக்கே சதை எடுக்கணும், அது யார் கையிலயும் இல்ல, கம்பெனிக்காரனத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஆனா எந்த நாள் சீக்கிரம் விடுவாங்கன்னு முன்னாடியே தெரியறது நியாயமான கேள்வி. எல்லா நாளும் சீக்கிரம் போகணும்னு கேட்டா ஒண்ணும் நடக்காது. "சனிக்கிழமை மட்டும் அஞ்சு மணிக்கு வண்டி ஏறணும், பதிலுக்கு வியாழக்கிழமை எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன்"னு கேட்டுப் பாருங்க. 31 வருஷம் டூட்டி மாத்தி மாத்தி ஓட்டினவ சொல்றேன், குடுக்கிறத மொதல்ல சொல்லிட்டு அப்புறம் கேக்குற ஆளுக்குத்தான் டூட்டி மாறும். உங்க கம்பெனி எப்படின்னு எனக்குத் தெரியாது, சூப்பர்வைசர் நல்ல மாதிரியா இருந்தா வேலை சுலபம்.

இன்னொண்ண நீங்க கேக்கல, ஆனா வரப்போகுது. நீங்க ஒவ்வொரு நாளுக்குள்ளயும் மூணையும் அடக்கப் பாக்குறீங்க. நம்ம கரையில அது நடக்காதும்மா, இங்க பொழப்பே வருஷக் கணக்குல ஓடுது. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், முன்ன 45 நாள் இருந்தது இப்ப 61 நாள், விசைப்படகு கரையிலதான். அவர் 61 நாளும் வீட்ல. ஆனா தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகும், நண்டு வரும், உங்க வண்டி அஞ்சே முக்காலுக்கு வரும். நெலம அப்படியே தலைகீழாயிடும், அவர் உக்காந்திருப்பார், நீங்க ஓடுவீங்க. நேரம் கெடைச்சா உறவு சரியாயிடும்னு எல்லாரும் நெனைக்கிறோம், நான் பாத்தது வேற. தடைக்காலத்துலதான் எங்ககிட்ட அதிகமா ஜோடிங்க சண்டையோட வருவாங்க, கணக்கு எழுதி வச்சதில்ல, என் ஞாபகத்தச் சொல்றேன். அரசாங்கம் குடுக்குற நிவாரணம் 8,000 ரூபா, அது ரெண்டு மாசத்துக்குப் பத்தாது, போட்டு வேற கரையேத்திப் பெயிண்ட் அடிக்கணும்னு ஓனர் நிப்பார், கையில காசில்லாத ஆம்பள, சம்பளம் வாங்குற பொம்பள, மத்தியானம் பூரா சீட்டு, சாயந்திரம் வேற ஏதாவது. இத இப்பவே பேசி வைங்க, ஏப்ரல்ல பேசினா அது பேச்சா இருக்காது. அந்த ரெண்டு மாசம் யாரு சோறாக்குறது, மொதல்ல அது. மே மாசம் மாதா மாசம், அன்பியத்துல வீட்டு வீட்டுக்கு செபமாலை போகும், அவர் முழுசாக் கரையில இருக்கிற ஒரே மாசம் அதுதான், உங்க வீட்டு முறைய அப்ப கேட்டு வாங்குங்க, பாய் விரிக்கிறதும் சுண்டல் வாங்குறதும் அவர் பொறுப்புன்னு விட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை காலைப் பூசைக்கும் அந்த ஒம்போது வாரம் ரெண்டு பேரும் சேந்து போகலாம், அப்ப பாட்டுக் குழுவுலயும் நில்லுங்க, கீழ உக்காந்து அவர் கேக்கட்டும்.

சேந்து செபிக்கிற குடும்பம் சேந்தே இருக்கும்னு ஒரு பேச்சு இருக்குல்ல, வகுப்புல நானும் பல வருஷம் சொன்னேன். இப்பச் சொல்றதில்ல. ராத்திரி முட்டி போட்டு செபமாலையோட அம்பத்து மூணு மணியும் உருட்டிட்டு எந்திரிச்ச உடனே அடிச்சுக்கிற வீட்டப் பாத்திருக்கேன், வருஷத்துக்கு ரெண்டு தடவ கோயிலுக்கு வந்து புறா மாதிரி வாழுறவங்களையும் பாத்திருக்கேன். செபம் உதவாதுன்னு சொல்லல, என் பொழப்புல அது இல்லாம நான் நின்னிருக்க மாட்டேன், இலங்கை நேவி புடிச்சிட்டுப் போச்சுன்னு சேதி வந்த ராத்திரியெல்லாம் வேற எதப் புடிச்சுக்கிறது. ஆனா கேட்டாத்தான் தீரும்ங்கிற விஷயத்த செபம் பண்ணித் தீக்க முடியாது. கை ஏன் மடிக்குள்ள இருக்குன்னு நான்தான் கேக்கணும்.

கடைசியா ஒண்ணு, இத எழுதாம விட மனசில்ல. நான் இவ்வளவும் சொன்னது, அவர் அலுப்புல ஒரு வார்த்த கேட்ட நல்ல மனுஷன்னு நெனைச்சு. அப்படி இல்லாம, கோயிலுக்குப் போகாத, வேலைக்குப் போகாத, அம்மா வீட்டுக்குப் போகாதன்னு ஒவ்வொரு கதவா அடைச்சுட்டு வர்றாருன்னா, இல்ல கை நீட்டுறாருன்னா, நான் மேல சொன்ன எதையும் செய்யாதீங்க, அது பேலன்ஸ் பண்ற விஷயமே கிடையாது. 181க்கு கூப்பிடுங்க, பெண்களுக்கான எண், எந்நேரமும் எடுப்பாங்க. உங்க எழுத்துல அந்த வாசனை அடிக்கல, இருந்தாலும் நர்சு புத்தி, கேக்காம விட மாட்டேன்.

இந்த வாரம் பெருசா எதுவும் வேணாம். சனிக்கிழமை சாயந்திரம் பூசை எங்க, எத்தனை மணிக்குன்னு விசாரிங்க, மண்டபத்துலருந்து பாலம் தாண்டி தங்கச்சிமடம் வர்ற நேரத்தையும் சேத்துக் கணக்குப் போடுங்க, பாலத்து மேல டூரிஸ்ட் வண்டி நின்னு போட்டோ எடுத்தா அதுல ஒரு கால் மணி நேரம் போகும். ஞாயித்துக்கிழமை காலைல அவர் வர்றப்ப வீட்ல இருந்து, கறிக்குக் கொண்டு வந்த மீன நீங்களே வாங்கி அரிஞ்சுக்கிட்டே, பாட்டப் பத்தி அந்த ஒரு வரிய அவர்கிட்ட சொல்லிப் பாருங்க. கோயில்ங்கிற வார்த்தைய அப்ப எடுக்காதீங்க. என்ன சொன்னார்னு இங்கயே கீழ எழுதுங்க. என் வீட்டுக்காரரும் கேட்டுட்டே இருக்கார், "அந்தப் புள்ள எந்தப் போட்டுக்காரர் வீடு"ன்னு, நான் சொல்லலே.